தவிட்டுக்குப் போன ஜீப்

வண்டியை நாலு விரக்கடை உயர்த்தினால் போதும் என்றுதான் நேற்று வரைக்கும் கணக்கு, ஆனால் இப்படி ஜாக்கி கொடுத்து, சக்கரங்களைக் கழற்றி, அடிவயிறு தெரிய நிற்கிற ஜீப்பைக் குந்தி உட்கார்ந்து பார்க்கும்போது நாலு எந்த மூலைக்கு என்று தோன்றியது அப்பாதுரைக்கு, ஆறு வேண்டும், ஆறு ஏற்றினால் தண்ணீர் எஞ்சினைத் தொடாது, சரி, தொடாது, ஆனால் ஆறு ஏறின வண்டி ஏரிக்கரை வளைவில் ஒருபக்கமாகச் சாய்ந்தால்... ஏன் சாயப்போகிறது, மெதுவாகத்தானே ஓட்டப்போகிறோம், மெதுவாக ஓட்ட நேரம் இருந்தால்தானே? பெண்டாட்டிக்கு வலி எடுத்த பிறகு மெதுவாவது வேகமாவது. ஒலிமுகம்மது பேட்டையில் ரோட்டை ஒட்டின அந்தத் தகரக் கொட்டகையில் மயில்வாகனம் மேஸ்திரி உலையில் கரியைக் கொட்டித் துருத்தியைச் சுற்ற ஆரம்பித்திருந்தார். சுற்றிக்கொண்டே கேட்டார், "நெருப்பு ஏர்றதுக்குள்ள சொல்லிடுப்பா தொர. பட்டை ஏத்தட்டுமா, கட்டை வைக்கட்டுமா? பொண்ணு பாக்கறவன்கூட இவ்ளோ யோசிச்சதில்ல." இதோ சொல்லிவிடுகிறேன், ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினான். அந்த ஒரு நிமிஷம் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

பட்டை ஏற்றுவது என்றால், சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக இருக்கிற ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி உலையில் சிவக்கவைத்து, தொய்ந்துபோனதை மறுபடி வில்லாக வளைத்து, கூட ஒரு பட்டையும் சேர்த்துக் கட்டுவது. வண்டி எழும்பி நிற்கும், எவ்வளவு பாரம் வைத்தாலும் குந்தாது, ஆனால் விறைத்துவிடும், பாரம் இல்லாமல் ஓட்டினால் புளியங்கொட்டை மேல் ஏறினால்கூடத் தூக்கித் தூக்கிப் போடும். கட்டை வைப்பது வேறு... இருக்கிற பட்டையைத் தொட வேண்டாம், பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டையைக் கொடுத்து நீளமான போல்ட் போட்டு இறுக்கிவிடலாம், உயரமும் வந்துவிடும், போகிறதும் இப்போது மாதிரி மெத்தென்று தொட்டில் கணக்காகப் போகும், அந்தத் தொட்டில் கணக்குதான் பயம், சரிவில் வண்டி தொட்டில் மாதிரி ஆடினால் என்ன ஆவது, ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கழனி. "மெத்துனு போவணும்னா கட்டை, அசையாம நிக்கணும்னா பட்டை, ரெண்டும் வேணும்னா வேற வண்டி பாத்துக்கோ" என்று மேஸ்திரி எப்போதோ சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்வார். அவர் சொல்வதையெல்லாம் அப்படியே தலையில் தூக்கிவைத்துக்கொள்ளவும் முடியாது, போன வருஷம் ஒரு கல்குவாரிக்காரனுடைய டிரெய்லருக்குப் பட்டையை முன்பின்னாக மாட்டிவிட்டு, அது அப்படித்தான் இருக்கும், ஓட ஓடப் பழகிவிடும் என்று கடைசிவரை சாதித்த ஆள். ஆனாலும் காஞ்சிபுரத்தில் ஜீப்புக்கு உலை மூட்டுகிறவர் வேறு யார் இருக்கிறார்கள்?

வேலைக்கு என்றால் பட்டைதான். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கரண்டு வராத ஊர்க் கிணற்றுமேட்டில் எல்லாம் ஆயில் எஞ்சின், அது மக்கர் பண்ணினால் அப்பாதுரை, இந்தப் பக்கம் தாமல், அந்தப் பக்கம் தென்னேரி வரைக்கும், தினம் விடிந்தால் ஜீப், பொழுது சாய்ந்தால் ஜீப், ரோடு முடிகிற இடத்தில்தான் அவன் வேலையே ஆரம்பிக்கும், வரப்பு, வாய்க்கால், முள்ளுக்காடு, பின்னால் ஒரு எஞ்சினை ஏற்றிக்கொண்டால் பட்டாளத்தில் ஏலம் எடுத்த அந்த வண்டி கன்றுபோட்ட எருமை மாதிரி பின்பக்கம் குந்திக்கொள்ளும். ஆக, எஞ்சினுக்குப் பட்டை. ஆனால் இந்திராணிக்கு? எஞ்சின் வலிக்கிறது என்று சொல்லாது. இன்று காலையில் வரும்போது அவளைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினான், ரோட்டைப் பார்த்ததைவிட அவள் கையைப் பார்த்ததுதான் அதிகம், கீழே தலையணை, முதுகுக்கு மடித்த சமுக்காளம், ஒரு கை முன்னாலிருந்த கம்பியில், ஒரு கை வயிற்றில், பள்ளம் வரும்போதெல்லாம் வயிற்றில் இருக்கிற கை கொஞ்சம் இறுகும், பள்ளம் போனதும் தளரும். பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்தால் தெருநீளத்துக்குத் தறிநூலைப் பாவு விரித்திருந்தார்கள், கெஞ்சினாலும் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் முடியாது, ரிவர்ஸ் எடுத்துச் சுற்றிக்கொண்டு வரவேண்டியதாயிற்று, அப்போதுகூட, அவசரமென்றால் இந்த வழியாக வரக்கூடாது என்று மனசுக்குள் எழுதிக்கொண்டான். கொட்டகைக்கு வந்ததும், "நீங்க வண்டியப் பாருங்க, நான் ரிக்‌ஷாவுல டாக்டரம்மாகிட்ட போயிட்டு வந்துடறேன்" என்று போய்விட்டாள். கூடப் போயிருக்க வேண்டும். வண்டியா முக்கியம்? வண்டிதான் முக்கியம், இதைவிட முக்கியம் இப்போது என்ன இருக்கிறது... போய் எவ்வளவு நேரமாயிற்று? டாக்டர் எதையாவது சொல்லி, அங்கேயே உட்கார்ந்துவிட்டாளோ?

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. பிள்ளை கார்த்திகையில். இந்தக் கணக்கை எப்படித் திருப்பிப் போட்டாலும் அதேதான் வருகிறது. ஏரி இப்போதே முக்கால் வாசி, இன்னும் இரண்டு மழை பெய்தால் நிரம்பிக் கோடி போகும், கோடி போனால் மிஞ்சின தண்ணீர் அவர்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருகிற பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடும், ஆள் நடந்தால் முழங்காலுக்கு மேலே, மாட்டுவண்டி போகும், மாடு மிரளாமல் இருந்தால். ஜீப் போகும், ஆனால் நடுவில் எஞ்சின் விசிறி தண்ணீரை வாரி அடித்து பிளக்கெல்லாம் நனைந்து நின்றுவிடும், போன வருஷம் அப்படித்தான் நின்றது, பின்னால் ஒரு எஞ்சினும் இரண்டு ஆளும் இருந்தார்கள், இறங்கித் தள்ளினார்கள், சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். இந்த வருஷம் நின்றால் யார் தள்ளுவது? அவளா? உயரம் வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. உயரத்தை எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான்... பட்டை போட்டால் தண்ணீரைத் தாண்டிவிடலாம், தாண்டின பிறகு டவுன் வரைக்கும் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டே வரவேண்டும். கட்டை வைத்தால் டவுன்வரைக்கும் அலுங்காமல் கொண்டுவரலாம், ஏரிக்கரையைத் தாண்டினால்.

பேசாமல் அம்மா வீட்டுக்குப் போ என்று சொல்லிப் பார்க்காமல் இல்லை. வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்புவதுதானே வழக்கம். மாகறலிலிருந்து அவள் அம்மா ஜெயம்மாள் வந்து உட்கார்ந்து அழுதுகூடப் பார்த்தாள். இந்திராணி அசையவில்லை. போன தடவை முறைப்படி எல்லாம் செய்தார்கள், கை நிறைய வளையல் அடுக்கி அழைத்துப் போனார்கள், அங்கேதான் பிறந்தான், பிறந்தான் என்று சொல்லலாமா, அழவே இல்லை, இவன் போய்ச் சேரும்போது முகத்தை மட்டும் காட்டிவிட்டுக் கையில் கொடுத்தார்கள், இவனுக்கு இருக்கிற மாதிரியே காது. டவுனில் ஒரு ரூமாவது பிடிக்கலாம் என்றான். அதற்கும் அவள் சொன்னது ஒன்றுதான். "என் வூட்டுலேர்ந்து போவேன், என் வூட்டுக்குத்தான் தூக்கிக்கினு வருவேன். வேற எங்கயும் போவ மாட்டேன்." இதைச் சொல்லும்போது முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், புடைப்பது நிற்கவே இல்லை, அதற்கு மேல் அவளிடம் யார் பேச முடியும்?

அந்தச் சுவர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால். இது வரும், இப்படித்தான் வரும், எதையோ யோசித்துக்கொண்டே போனால் கடைசியில் இந்தச் சுவரில் வந்து முட்டும். ஜீப்பை வாங்கின புதிது, ராத்திரியில் தெருவில் நிறுத்த மனசில்லை, வீட்டு மதிலில் ஒரு பக்கத்தை இடித்துக் கேட் போட்டான், அப்போது இந்திராணிக்கு ஐந்தாம் மாசம். மாசமாக இருக்கிறவள் வீட்டில் சுவர் இடிக்கக் கூடாது, நிலை வைக்கக் கூடாது, ஆணிகூட அடிக்கக் கூடாது, புருஷன்காரன் தலைமுடி வெட்டக் கூடாது, யாருக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியும், தெரிந்துதான் இடித்தான், இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்குடா என்று கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் நடுவில் பேசவும் பேசினான். அதுவரைக்கும் சரி. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது ஜெயம்மாள் வந்து எதிரில் நின்றாள். "நான் ஒண்ணும் சொல்லல மாப்ள. சொவத்த மட்டும் இடிக்காம இருந்திருக்கலாம்." அவ்வளவுதான், அதற்கு மேல் அந்தம்மா ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை, பேச வேண்டிய அவசியமும் இல்லை. டாக்டர் வேறு காரணம் சொன்னார். கொடி சுற்றிக்கொண்டது என்றார். கொடி ஏன் சுற்றியது என்று கேட்டால் டாக்டருக்குத் தெரியுமா?

இந்திராணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளாகத் தைரியமாக இருந்தான், யார் என்ன நினைத்தால் என்ன, அவள் நினைக்கவில்லை, அவள் நினைத்திருந்தால் முகத்தில் தெரிந்திருக்காதா, சோறு போடும்போது தெரிந்திருக்காதா, அவளே ஆறாவது வரைக்கும் படித்தவள், அம்மா பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிறவள் இல்லை. அவளிடம் நேராகக் கேட்டுவிடலாம் என்று நூறு தடவை நினைத்திருக்கிறான். நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா? கேட்கவில்லை. கேட்டு, அவள் இல்லை என்று சொல்ல ஒரு நொடி தாமதித்தால்கூட...

ஜீப் வீடா? இதுதான் இந்த வாரம் முழுக்க அவன் தூக்கத்தைக் கெடுத்தது. பட்டையா கட்டையா என்பதெல்லாம் இதற்கு மேலே போட்ட போர்வை. ஜீப் வீடு இல்லை. அதற்குச் சுவர் கிடையாது, நிலை கிடையாது, கூரைகூடத் துணிதான். வீடு இல்லையென்றால் தொட்டால் தோஷமில்லை. ஆனால் வாங்கின அன்றைக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குள் கொண்டுவந்தார்களே, ஆயுதபூஜைக்கு அடுப்புக்கு வைத்த பொட்டையே அதற்கும் வைத்தாளே இந்திராணி, வீட்டில் ஒன்று என்றுதானே வைத்தாள்? அதை உடைத்து, நெருப்பில் போட்டு, சுத்தியலால் அடித்து... சிரிப்பாகத்தான் இருக்கிறது, யாரிடமாவது சொன்னால் கொட்டகையே சிரிக்கும், எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறவன், பிஸ்டனுக்கும் வால்வுக்கும் காரணகாரியம் தெரிந்தவன், இதற்குப் பயப்படுகிறான். ஆனால் ஆடி பிறந்ததிலிருந்து முடி வெட்டவில்லை, தாடியும் எடுக்கவில்லை, கேட்பவர்களிடம் எங்கப்பா நேரம் என்கிறான், நேரம் இல்லாமலா? இந்தத் தடவை எதையும் இடிக்க மாட்டேன், எதையும் உடைக்க மாட்டேன், ஒரு ஆணியைக்கூடத் தொட மாட்டேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது யாருக்குத் தெரியும்? வண்டியைத் தொட்டால் போன தடவை மாதிரி ஆகிவிடுமோ என்று பயம், தொடாமல் விட்டால் தண்ணீரில் நின்றுவிடுமோ என்று பயம். ஒன்று நடந்தால் சுவர், இன்னொன்று நடந்தால் ஏரி. எதில் போனாலும் கடைசியில் வண்டியை ஓட்டினவன் அப்பாதுரைதான்.

துருத்திச் சத்தம் நின்றிருந்தது. மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் டயர் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். "இன்னாப்பா, சாமியார் ஆவப் போறியா? தாடி மார் வரிக்கும் வந்துக்கினு இருக்குது." நேரமில்லை மேஸ்திரி என்றான். "எங்கிட்டயேவா? எனக்கு நாலு கொழந்த. நாலு வாட்டியும் நானும் நேரம் இல்லன்னுதான் சொன்னேன்." சிரித்தார். இவனும் சிரித்தான், சிரிக்கும்போதே என்னவோ ஆகிவிட்டது, எப்படி ஆரம்பித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை, சுவர், கேட், மாமியார் சொன்னது, ஜீப்பைத் தொடலாமா கூடாதா, எல்லாம் கொட்டிவிட்டது, இந்திராணியிடம்கூடச் சொல்லாததைக் கரிப்புகைக்கு நடுவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். சிரித்துவிடுவார் என்று நினைத்தான். மேஸ்திரி சிரிக்கவில்லை. பீடியைக் கீழே போட்டுத் தேய்த்தார்.

"இதுக்கா இவ்ளோ ரோதனை? பாவு அறுந்தா முடி போட்டுக்கினு போற ஜாதிப்பா நாங்க. வண்டி உன்னுதா இருந்தாத்தான உனக்குத் தோஷம்? எனக்கு வித்துடு. என் வண்டிய நான் ஒடைப்பேன், வளைப்பேன், எவன் கேப்பான்? என் வூட்ல யாரும் மாசமா இல்ல." விளையாடாதீங்க மேஸ்திரி என்றான். "வெளையாட்டா? பெத்த புள்ளையவே தவிட்டுக்கு வித்து வாங்கறாங்க. எங்க பெரியண்ணனைத் தவிட்டுக்குத்தான் வாங்குனாங்க, முன்னால ரெண்டு தங்கல, மூணாவது இவன், அடுத்த வூட்டு அம்மா ஒரு முறம் தவிட்டக் குடுத்து வாங்கிக்கினு போயி, அப்புறம் திருப்பிக் குடுத்தாங்க. இன்னிக்கும் தறியில குந்திக்கினு என்னத் திட்டிக்கினு இருக்கறான். புள்ளைக்கு ஆவும்னா ஜீப்புக்கு ஆவாதா?" எழுந்து கொட்டகைக்குப் பின்பக்கம் போனார், அங்கே அவருடைய எருமை கட்டியிருந்தது, வாளியைத் திறக்கிற சத்தம் கேட்டது, இரண்டு கையும் குவித்துத் தவிட்டை அள்ளிக்கொண்டு வந்தார். "துண்ட விரி."

அவன் விரித்தான். ஏன் விரித்தான்? தடுத்திருக்கலாம், சிரித்து மழுப்பியிருக்கலாம், கை தானாகத் தோளிலிருந்து துண்டை எடுத்து மடிமேல் விரித்துவிட்டது. தவிடு மெத்தென்று விழுந்தது, அந்த வாசனை, வெதுவெதுப்பான வாசனை. "வித்தேன்னு சொல்லு." வித்தேன் என்றான். "கேக்கல." வித்தேன் மேஸ்திரி. "வாங்கினேன். தவிட்ட பத்திரமா வச்சிக்கோ, இத எங்கையில திருப்பிக் குடுத்தாத்தான் வண்டி, இல்லன்னா நாளையிலேர்ந்து நான் ஆயில் எஞ்சின் ரிப்பேருக்குப் போயிடுவேன்." சொல்லிவிட்டு ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார், நிஜமாகவே தனக்குச் சொந்தமானதைப் பார்க்கிற மாதிரி, முன்பக்கத்தை ஒரு தட்டு தட்டினார். "சரி. என் வண்டிக்கு நான் பட்டைதான் போடுவேன். ஆறு விரக்கடை ஏத்துவேன். ஏரிக்கரையில ஆடற வண்டிய நான் ஓட்ட மாட்டேன்பா, எனக்கு உசிர் வெல்லக்கட்டி. தூக்கிப் போட்டா போடட்டும், ரெண்டு எஞ்சின் எடைக்கு மணல் மூட்டைய வச்சி ஓட்டு, அடங்கிக்கும்."

மணல் மூட்டை. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை? பாரம் இருந்தால் பட்டை விறைக்காது, தினமும் எஞ்சின் ஏற்றும்போது பார்க்கிறதுதானே, வலி எடுக்கிற நாளில் பின்னால் மூட்டையை ஏற்றிக்கொண்டால்... தோன்றியிருக்கும், யோசிக்கவிட்டிருந்தால் தோன்றியிருக்கும். மேஸ்திரி நேற்றே சொல்லியிருக்கலாம், கேட்டால் நீ கேட்கவில்லையே என்பார். துருத்தி மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அப்பாதுரைக்கு உடம்பு லேசாக இருந்தது. எழுந்து நடந்தால் கால் தரையில் படாது போல இருந்தது. ஆறு விரக்கடை, பட்டை, முடிந்தது, தான் முடிவு பண்ணவில்லை, வண்டியே தன்னுடையது இல்லை, ஏதாவது ஆனால்... ஏதாவது ஆனால் மேஸ்திரி வண்டி, மேஸ்திரி முடிவு. அப்படி நினைத்ததும் சட்டென்று வெட்கமாக இருந்தது. இதற்குத்தானா? உயரமும் வேண்டாம், பட்டையும் வேண்டாம், யாராவது ஒருவர் தோளில் இதை இறக்கிவைக்கத்தானா ஒரு வாரமாக இந்தக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தது? பாவம் மேஸ்திரி, நாலு பிள்ளை பெற்றவர், விளையாட்டாகத் தவிட்டை அள்ளிக் கொடுத்துவிட்டார். பட்டை ஒன்று உலையில் சிவக்க ஆரம்பித்திருந்தது. இந்திராணி வருவதற்குள் இந்தத் தவிட்டை எங்கேயாவது... எங்கே வைப்பது, கொட்டினால் வண்டி போய்விடுமே, என்ன பைத்தியக்காரத்தனம், ஆனாலும் கொட்ட முடியாது. அவள் பார்த்தால் பார்க்கட்டும், இது என்ன தவிடு என்று கேட்பாள், மேஸ்திரியோட எருமைக்கு, சும்மா, விளையாட்டுக்கு வித்து வாங்கினோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், நீ மாசமாக இருக்கிறாயல்லவா, அதற்கு மேஸ்திரி ஒரு கூத்து பண்ணினார் என்று சொன்னால் அவளும் சிரிப்பாள், தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள், படித்த மனுஷனா நீங்க என்பாள். அவள் அப்படிச் சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டால் சுவரும் விழுந்துவிடும். வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ரிக்‌ஷா வந்து நின்றது. இந்திராணி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். எழுந்து ஓடிப்போய்க் கைகொடுக்க வேண்டும், மடியில் தவிடு, எழ முடியவில்லை, துண்டின் முனைகளைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து அப்படியே நின்றான். என்ன சொன்னார்கள் என்று கேட்டான். "நல்லாத்தான் இருக்குதாம். தல திரும்பிடுச்சாம். காலு வீங்குது, உப்பக் கொறச்சிக்கச் சொன்னாங்க." நல்லாத்தான் இருக்குதாம், நல்லாத்தான் இருக்குதாம், மனசு அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தது, அதற்குள் மேஸ்திரி உலைப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். "வாம்மா. விஷயம் தெரியுமா? உன் வூட்டுக்காரரு வண்டிய எங்கிட்ட தவிட்டுக்கு வித்துட்டாரு. இப்ப இது என் வண்டி." சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

அப்பாதுரையும் சிரித்துக்கொண்டு தயாராக நின்றான். இதோ கேட்கப்போகிறாள். இந்திராணி ஜீப்பைப் பார்த்தாள், நெருப்பில் இருந்த பட்டையைப் பார்த்தாள், அப்புறம் அவன் கையில் இருந்த துண்டைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிக்கவில்லை. எதற்கு என்று கேட்கவில்லை. கிட்டே வந்து, காற்றில் துண்டின் ஓரத்தில் பறந்து ஒட்டியிருந்த தவிட்டை விரலால் கவனமாக உள்ளே தள்ளினாள். "சிந்திடப் போவுதுங்க. நல்லா முடிஞ்சி வைங்க." மேஸ்திரி பக்கம் திரும்பினாள். "அண்ணா, இத இன்னிக்கே திருப்பிக்கலாமா? இல்ல, பொறந்தப்புறந்தான் திருப்பிக்கணுமா?"

மேஸ்திரியின் சிரிப்பு நின்றுவிட்டது. இடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார். அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை, முறை தெரிந்துகொள்ளக் கேட்கிறாள், டாக்டரம்மாவிடம் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டிருப்பாளே, அந்தக் குரலில். அப்பாதுரை துண்டின் நாலு முனையையும் சேர்த்தான். முடிச்சு வழுக்கியது, மறுபடி போட்டான். அப்படியென்றால் அவளும்... அன்றைக்கு மாகறலிலேயா, இல்லை வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகா, எப்போதிலிருந்து? சோறு போடும்போதெல்லாமா? இன்றைக்குக் காலையில் வண்டியில் ஏற அவள் எங்கே வந்து நின்றாள், கேட்டைத் திறந்து வண்டியை வெளியே கொண்டுவந்தால் அவள் ஏற்கெனவே தெருவில் நின்றுகொண்டிருந்தாள், தோட்டத்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள், நேற்றும் அப்படித்தான், கிணற்றடிக்குப் பக்கம் என்று அந்த வழியாகப் போகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான், யோசித்துப் பார்த்தால் கேட் போட்ட நாளிலிருந்து... இல்லை, ஒரு நாளாவது கேட் வழியாக வந்திருப்பாள், தண்ணீர்க் குடத்தோடு, தலையில் புல்லுக்கட்டோடு, ஒரு நாளாவது வந்திருப்பாள், ஞாபகம் வரவில்லை. முடிச்சை இறுக்கிக்கொண்டே அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றான். சாயங்காலம் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் அவள் எந்தப் பக்கமாக உள்ளே போவாள்?